தீட்டிய பிறகும் வெட்டாத டிரில் பிட்: சாணையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். வீட்டுப் பட்டறையில் இரும்புச் சட்டங்களும் சிறு தாங்கிகளும் செய்து வருகிறேன். 4 மி.மீ. முதல் 12 மி.மீ. வரையிலான ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டிரில் பிட்டுகள் ஒரு பெட்டி நிறைய மழுங்கிக் கிடக்கின்றன. உடல் முழுவதும் நல்ல எஃகாக இருக்கும்போது, நுனியில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது என்பதற்காக ஒரு கருவியைக் கழித்துவிடுவது எனக்கு முறையாகத் தோன்றவில்லை. ஆகவே, 150 மி.மீ. கல் பொருத்திய மேசைக் கிரைண்டரில் அவற்றைச் சாணை பிடிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

தீட்டி முடித்த பிட்டைப் பார்த்தால் நுனி பளபளப்பாக இருக்கிறது. விளிம்பை நகத்தில் வைத்தால் கூர்மையும் தெரிகிறது. ஆனால் மென்னிரும்புத் தகட்டில் வைத்து அழுத்தினால் அது உள்ளே இறங்குவதில்லை. சற்று நேரம் உராய்ந்து, தகட்டில் பளிச்சென்ற ஒரு வட்டத்தை மட்டும் உண்டாக்கி, புகையத் தொடங்கிவிடுகிறது. அதே தகட்டில், அதே வேகத்தில், அதே அளவுள்ள புதிய பிட் எளிதாக இறங்குகிறது; எனவே தகட்டின் மீதோ இயந்திரத்தின் மீதோ குறை இருப்பதாகத் தெரியவில்லை. முனையின் கோணம் 118 பாகை இருக்க வேண்டும் என்று அறிந்து, கோணமானியை வைத்துச் சரிபார்த்தும் விட்டேன். அதுவும் ஏறத்தாழச் சரியாகவே இருக்கிறது. கூர்மையும் இருந்து, கோணமும் சரியாக இருந்து, பிட் வெட்டாமல் போவதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? சாணைக்கருவி எதுவும் வாங்காமல், கையால் பிடித்தே இதைச் செம்மையாகச் செய்ய முடியுமா?

முதல் பதில்

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அனைத்தும் ஒரே காரணத்தைக் காட்டுகின்றன: வெட்டுவாய்க்குப் பின்னால் சரிவு இல்லை. கூர்மையைப் பற்றியும் 118 பாகையைப் பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் ஒரு டிரில் பிட் வெட்டுவதும் வெட்டாததும் பெரும்பாலும் இந்தப் பின்சரிவைப் பொறுத்தே அமைகிறது. முனைக்கோணம் ஐந்து பாகை தவறினாலும் பிட் வெட்டும். பின்சரிவு இல்லாத பிட், எவ்வளவு கூராக இருந்தாலும், ஒரு துளிகூட இறங்காது.

புதிய பிட் ஒன்றையும் நீங்கள் தீட்டிய பிட்டையும் அருகருகே பிடித்து, பூதக்கண்ணாடி வழியாக நுனியை நேருக்கு நேராகப் பாருங்கள். பிட்டின் உடலைச் சுற்றி ஓடும் திருகுப் பள்ளமான காடி முடியும் இடத்தில் இருபுறமும் இரண்டு நேரான விளிம்புகள் தெரியும். உலோகத்தைச் சீவும் வெட்டுவாய்கள் இவைதாம். ஒவ்வொரு வெட்டுவாய்க்கும் பின்னால் ஒரு பரப்பு வளைந்து சென்று, அடுத்த காடியின் ஓரத்தில் முடிகிறது. அந்தக் கடைசி ஓரத்தைக் குதி என்று வைத்துக்கொள்வோம். புதிய பிட்டில் வாய் உயர்ந்தும் குதி தாழ்ந்தும் இருக்கும். பிட் சுழன்றுகொண்டே கீழே இறங்கும்போது, வெட்டுவாய் செல்லும் பாதை ஒரு திருகுப் பாதையாகும். வாய்க்குப் பின்னால் வரும் பரப்பு அந்தப் பாதையைவிடத் தாழ்ந்து விலகி நின்றால்தான் வாய்க்கு உலோகத்தைத் தொட வழி கிடைக்கும். குதி வாயின் அளவுக்கே உயர்ந்திருந்தால், முதலில் தகட்டைத் தொடுவது குதியாகவே இருக்கும். வாய் அந்தரத்தில் நிற்கும். நீங்கள் கண்ட பளிச்சென்ற வட்டம் குதி தேய்த்த தடம்தான். உங்கள் கோணமானி அதைக் காட்டாததற்குக் காரணம், அது முனையைப் பக்கவாட்டிலிருந்து மட்டுமே அளக்கிறது; பின்சரிவே இல்லாத ஒரு முழுக் கூம்பும் அதில் 118 பாகை என்றுதான் காட்டும்.

மென்னிரும்புக்குப் பின்சரிவு வெளிவிளிம்பில் ஏறத்தாழ 12 பாகை இருப்பது நல்லது. கடினமான எஃகுக்கு 8 பாகை போதும். இதை மிகுதியாக்கினால் பிட் விரைவாக இறங்குவது போலத் தோன்றும். ஆனால் வாய்க்குப் பின்னால் தாங்குவதற்கு உலோகம் இல்லாமல் போவதால் விளிம்பு பொடிந்துவிடும், தகட்டைத் துளைத்து வெளியேறும் நேரத்தில் பிட் வெடுக்கென்று கவ்விக்கொள்ளும்.

பின்சரிவைத் தனியாக அளக்கும் கருவி வேண்டியதில்லை. நுனியின் நடுவில் இரண்டு வெட்டுவாய்களையும் இணைக்கும் ஒரு சிறிய சாய்ந்த கோடு தெரியும், அதுதான் உளிவிளிம்பு. அது வெட்டுவாயோடு 120 முதல் 135 பாகை வரை சாய்ந்திருந்தால் பின்சரிவு சரியாக அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்தக் கோடு வெட்டுவாய்க்கு ஏறத்தாழச் செங்குத்தாக நின்றால் சரிவு போதாது. மாறாக, அது 135 பாகையைத் தாண்டிப் படுத்துவிட்டால் சரிவு மிகுந்துவிட்டது. பழகிய கண்ணுக்கு இந்த ஒரு கோடே போதும். நான் எந்தப் பிட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இனி, கையால் தீட்டும் முறை. அதற்கு முன் கல்லைப் பாருங்கள். முகம் பள்ளம் விழுந்தோ விளிம்பு உருண்டோ இருந்தால், கல் சீர்செய்யும் வைரமுனையால் அதைச் சமப்படுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பள்ளமான கல்லில் நேரான வெட்டுவாய் ஒருபோதும் கிடைக்காது. சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல் போதுமானது. முனை உடைந்த பிட்டுக்கு 60 எண் கல்லும், வெறுமனே மழுங்கியதற்கு 80 முதல் 120 எண் வரையிலான கல்லும் பொருந்தும். கருவி தாங்கும் மேடைக்கும் கல்லுக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அந்த மேடையின் மீது, கல்லின் முகத்தோடு 59 பாகை சாய்ந்த ஒரு கோட்டை ஊசியால் கீறி வைத்துக்கொண்டால், பிட்டை ஒவ்வொரு முறையும் அதே சாய்வில் வைக்க உதவும். 118 பாகையில் பாதிதான் இந்த 59.

பிட்டின் நுனிப்பக்கத்தை இடக்கை விரல்களால் மேடையின் மீது தாங்கி, தண்டை வலக்கையால் பிடியுங்கள். தண்டு உங்கள் இடப்புறம் சாய்ந்து, கீறிய கோட்டோடு ஒத்திருக்க வேண்டும். தீட்டப்போகும் வெட்டுவாய் மேல்நோக்கிக் கிடைமட்டமாக, கல்லின் முகத்துக்கு இணையாக இருக்கட்டும். தண்டு முனையைவிடச் சற்றே தாழ்ந்திருக்கும் நிலையில் வாயை மெல்லக் கல்லில் தொடுங்கள். தொட்டவுடன் தண்டை நிதானமாக மேலும் கீழே இறக்குங்கள். தண்டு இறங்க இறங்க, கல் வாயிலிருந்து குதியை நோக்கி நகர்ந்து, குதியில் கூடுதலான உலோகத்தை எடுக்கும். பின்சரிவு பிறப்பது இந்த இறக்கத்தில்தான். பலரும் பிட்டைக் கல்லில் வைத்து விரல்களால் உருட்டுகிறார்கள். உருட்டினால் கூம்புதான் கிடைக்கும், சரிவு கிடைக்காது. நீங்களும் அப்படி உருட்டியிருக்கலாம் என்று நினைக்கிறேன். இறக்கும்போது பிட்டை வலஞ்சுழியாகச் சிறிது திருப்புவதில் தவறில்லை; ஆனால் திருப்பம் மிகுந்தால் எதிர்ப்புறத்து வெட்டுவாய் கல்லில் பட்டு, முடித்து வைத்த வேலையைக் கெடுத்துவிடும்.

ஒரு புறம் ஓர் இழுப்பு, பிறகு 180 பாகை திருப்பி மறுபுறம் அதே அழுத்தத்தில் ஓர் இழுப்பு என்று மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு புறத்தை முழுமையாக முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்வது கூடாது. தொடங்குமுன் நுனி முழுவதும் மார்க்கர் மையைப் பூசிவிட்டால், கல் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பதை முதல் இழுப்பிலேயே காட்டிவிடும்.

கையின் அசைவு பழகும் வரை கிரைண்டரை நிறுத்தி வைத்துக்கொண்டு, நிற்கும் கல்லில் புதிய 10 அல்லது 12 மி.மீ. பிட் ஒன்றை வைத்து அசைத்துப் பாருங்கள். சரியான பரப்பு கல்லோடு ஒட்டிக்கொண்டு நகர்வதை உங்கள் விரல்களே உணரும். எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் வராத தெளிவு அந்தப் பயிற்சியில் வரும்.

இரண்டாம் பதில்

மேலே உள்ள விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும், பழகாத கைக்கு இந்த வளைந்த இழுப்பு கடினமானது. அதைவிட எளிதான இன்னொரு வடிவம் உண்டு என்பதையும் நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. குறிப்பாக 6 மி.மீ.க்குக் குறைந்த பிட்டுகளுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

வளைந்த ஒரே பரப்புக்குப் பதிலாக, ஒவ்வொரு வெட்டுவாய்க்கும் பின்னால் இரண்டு தட்டையான முகங்களை அமைப்பதுதான் அந்த முறை; மொத்தம் நான்கு முகங்கள். முதல் முகம் வாயை ஒட்டி, ஏறத்தாழ 10 முதல் 12 பாகைச் சரிவில் இருக்கும். இரண்டாம் முகம் அதற்குப் பின்னால், 25 முதல் 30 பாகை வரை இன்னும் கூடுதலாகச் சரிந்து, குதி முழுவதையும் நீக்கிவிடும். இதில் தண்டை இறக்கும் அசைவே கிடையாது. பிட்டை ஒரு நிலையில் வைத்து நேராகக் கல்லில் தொட்டு எடுத்தால் போதும். தட்டையான முகம் என்பதால் சரியாக அமைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதும் எளிது.

இரண்டாம் முகத்தை எவ்வளவு தூரம் எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். முதல் முகமும் இரண்டாம் முகமும் சந்திக்கும் கோடு பிட்டின் மையத்தைத் தொடும் வரை எடுக்க வேண்டும். இருபுறத்துக் கோடுகளும் மையத்தில் சந்திக்கும்போது உளிவிளிம்பு இருந்த இடத்தில் ஒரு கூரான புள்ளி தோன்றும். சாதாரண முனையில் உளிவிளிம்பு உலோகத்தை வெட்டுவதில்லை; அதை நசுக்கிப் பக்கவாட்டில் தள்ளவே செய்கிறது. நாம் கொடுக்கும் அழுத்தத்தில் பெரும்பகுதி அங்கேதான் செலவாகிறது. நான்கு முகப் பிட்டில் புள்ளி இருப்பதால் அழுத்தம் குறைகிறது. சுழலத் தொடங்கும்போது அங்குமிங்கும் அலையாமல் வைத்த இடத்திலேயே நிற்கிறது. மெல்லிய பிட்டுகளுக்குச் சுழலும் கல்கூடத் தேவையில்லை. சிறு கைச்சக்கில் பிட்டைப் பிடித்து, தட்டையான வைரக்கல்லில் இழுத்தே முகங்களை அமைக்கலாம். நல்ல வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் மட்டும் இருக்க வேண்டும். 3 மி.மீ.க்குக் கீழே போனால் அந்த முயற்சி பலனுக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு: கருவி இல்லாமல் முடியும். ஆனால் ஊஞ்சல் போல அசையும் எளிய சாணைத்தாங்கியைப் பயன்படுத்துவதில் தாழ்வு ஒன்றுமில்லை. அதில் பிட்டை ‘வி’ வடிவப் பள்ளத்தில் கிடத்தி, சாய்ந்த அச்சைச் சுற்றி ஆட்டுவதால் பின்சரிவு தானாக அமையும். அதை வாங்கியவர்கள் ‘இதுவும் வெட்டவில்லை’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பிட் தாங்கிக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது விட்டத்துக்கு ஏற்ப மாறும், அந்த அளவைப் பொருட்படுத்தாமல் வைத்தால் சரிவு கூடியோ குறைந்தோ போய்விடும். வெட்டுவாயைப் பள்ளத்தில் உள்ள தடுப்பு நாக்கோடு சரியாகப் பொருத்தாமல் விட்டாலும் அதே விளைவுதான்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. பிட்டின் முனையைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உளிவிளிம்பு வெட்டுவாய்க்கு ஏறத்தாழச் செங்குத்தாகவே நின்றது. தண்டை இறக்கும் முறையில் ஒரு 10 மி.மீ. பிட்டை மீண்டும் தீட்டினேன். இப்போது அது இரும்பில் இறங்குகிறது, சுருளும் வருகிறது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. முதலாவது, சுருள் ஒரு காடியிலிருந்து மட்டுமே வருகிறது. மறுகாடியில் பொடிதான் வருகிறது. துளையும் வெர்னியரில் 10.4 மி.மீ. காட்டுகிறது. இரண்டாவது, தீட்டும்போது நுனியின் ஒரு மூலை நீல நிறமாகிவிட்டது. எஃகு பதம் இழந்துவிட்டதா? அந்தப் பகுதியை முழுவதும் கழித்துவிட வேண்டுமா?

முதல் பதிலளித்தவர்

பின்சரிவு கைவந்துவிட்டது, இனி எஞ்சியிருப்பது சமச்சீர். ஒரு காடியில் மட்டும் சுருள் வருவது, ஒரு வாய் மட்டுமே உழைக்கிறது என்பதற்கான நேரடிச் சான்று. துளை பெரிதாவது அதே குறையின் மறுபக்கம்.

இரண்டு வெட்டுவாய்களும் இரண்டு வகையில் ஒத்திருக்க வேண்டும். நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். அச்சோடு சாயும் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளம் வேறுபட்டால் முனை பிட்டின் அச்சிலிருந்து விலகிவிடும். முனைதான் சுழற்சியின் மையமாகத் தகட்டில் ஊன்றி நிற்பதால், நீண்ட வாய் தன் நீளத்தையே ஆரமாகக் கொண்டு வட்டமிடும். முனை 0.2 மி.மீ. விலகியிருந்தால் துளை ஏறத்தாழ 0.4 மி.மீ. பெரிதாகும், நீங்கள் அளந்த 10.4 மி.மீ. இதைத்தான் காட்டுகிறது. கோணம் வேறுபட்டாலோ, ஒரு வாய் மட்டுமே உலோகத்தைத் தொட்டு எல்லா வேலையையும் செய்யும். அதுவே முதலில் மழுங்கும்.

இதைச் சரிபார்க்க, 59 பாகையில் வெட்டி அளவுக்கோடுகள் பொறித்த சாணைமானி ஒன்று இருந்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டால், ஒரே அளவுள்ள இரண்டு அறுகோண நட்டுகளை எடுத்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டி வையுங்கள். அவற்றுக்கு நடுவில் உருவாகும் பள்ளம் சரியாக 120 பாகை. பிட்டின் முனையை அதில் பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பிட் நேராக நிற்கும்போது இருபுறமும் ஒளி கசியாமல் இருந்தால் கோணம் ஒத்திருக்கிறது. நீளத்தை இந்த முறையில் பார்க்க முடியாது. அதற்கு வெர்னியரால் ஒவ்வொரு வாயையும் வெளிமூலையிலிருந்து உளிவிளிம்பு வரை அளந்து ஒப்பிட வேண்டும்.

குறை எந்தப் புறம் என்று தெரிந்த பிறகு, நீண்ட வாயைத் தொட வேண்டாம். நீளம் குறைந்த வாய் இருக்கும் புறத்துப் பரப்பை இன்னும் சற்றுத் தீட்டினால் முனை நீண்ட வாயின் பக்கமாக நகர்ந்து, குறுகிய வாயின் நீளம் கூடும். இது முதலில் முரணாகத் தோன்றலாம். ஒரு தாளில் இரு சாய்கோடுகளால் முனையை வரைந்து, ஒரு கோட்டை மட்டும் சற்றுக் கீழே இறக்கி வரைந்து பார்த்தால், அந்தக் கோடே நீளுவது உடனே விளங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. பிட்டின் வெளிமூலைகளைப் பாருங்கள். காடியின் ஓரமாக ஓடும் மெல்லிய பட்டை அங்கே தேய்ந்து உருண்டிருந்தால், முனையை எவ்வளவு அழகாகத் தீட்டினாலும் பிட் துளைக்குள் இறுகிச் சூடாகும். அந்தத் தேய்ந்த பகுதி முழுவதும் நீங்கும் வரை முனையைப் பின்னோக்கி எடுத்தாக வேண்டும். பலமுறை தீட்டிக் குட்டையான பிட்டில் நடுப்பகுதியின் தடிமன் கூடிவிடும். ஏனெனில் அது தண்டை நோக்கிச் செல்லச் செல்லப் பருத்துக்கொண்டே போகும். அப்போது உளிவிளிம்பு நீண்டு, அழுத்தம் மிகுதியாகத் தேவைப்படும். கல்லின் கூரான ஓரத்தால் காடியின் உட்புறத்தை உளிவிளிம்பு வரை சற்றுக் குடைந்து, அந்தத் தடிமனைக் குறைத்துவிட வேண்டும். இருபுறமும் ஒரே அளவாக.

மூன்றாம் பதில்

நீல நிறம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இதில் தேவையில்லாத அச்சம் பரவலாக இருக்கிறது.

எஃகு ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் நீல நிறம் காட்டும். சாதாரணக் கார்பன் எஃகுப் பிட்டாக இருந்தால் அந்த வெப்பத்தில் பதம் போய்விடும். நீலமான பகுதியைக் கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஹெச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகு அப்படிப்பட்டதன்று. அதைப் பதப்படுத்தும்போதே ஏறத்தாழ 550 பாகையில் சூடாக்கித்தான் முடிக்கிறார்கள். அதற்குக் குறைந்த வெப்பம் அதன் கடினத்தைக் குலைப்பதில்லை. ஆகவே உங்கள் பிட் உண்மையான ஹெச்.எஸ்.எஸ். ஆக இருந்தால் நீலக் கறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அடுத்த இழுப்பில் அதுவே போய்விடும். கோபால்ட் கலந்த பிட்டுகள், அதாவது 5 விழுக்காடு கோபால்ட் உள்ள எம்35, 8 விழுக்காடு உள்ள எம்42 ஆகியவை, வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. நிறம் மாறும் அளவுக்குச் சூடேறிய ஹெச்.எஸ்.எஸ். பிட்டை உடனே தண்ணீரில் முக்குவது பெரும் தீங்கு. திடீர்க் குளிர்ச்சியால் வெட்டுவாயில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டாகும். பிறகு வேலையின்போது விளிம்பு பொடிப்பொடியாக உதிரும். அதற்குக் காரணம் எஃகின் தரம் என்று நினைத்துக்கொள்வோம். இலேசாகத் தொட்டு எடுத்து, இடையிடையே காற்றில் ஆறவிடுவதே நல்ல முறை. வெறும் விரலால் பிடிக்க முடியாத சூடு வரும்போதே நிறுத்திவிடுபவருக்கு இந்தச் சிக்கல் எழாது. கையுறை அணிந்தால் அந்தச் சூடு தெரியாமல் போய்விடும். அதைவிட முக்கியமாக, சுழலும் கல் கையுறையைக் கவ்வி விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கிரைண்டரில் கையுறை கூடவே கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கல்லின் பக்கவாட்டு முகத்தில் தீட்டவும் கூடாது. சாதாரணக் கல் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதில்லை.

பொன்னிறப் பூச்சு உள்ள பிட்டுகளைத் தீட்டினால் பயன் போய்விடும் என்று சிலர் சொல்வதையும் இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். தீட்டும்போது வாயின் பின்பரப்பில் உள்ள பூச்சுதான் போகிறது. சுருள் உராய்ந்து செல்லும் காடியில் உள்ள பூச்சு அப்படியே இருக்கும். எனவே அவற்றைத் தாராளமாகத் தீட்டலாம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு பெட்டி நிறையப் பிட்டுகள் மழுங்கியிருந்தால், மழுங்க வைத்த காரணமும் பட்டறையில் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது மிகுதியான வேகம். மென்னிரும்பில் ஹெச்.எஸ்.எஸ். பிட்டின் வெளிவிளிம்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தில் ஓடினால் போதும். 10 மி.மீ. பிட்டுக்கு அது நிமிடத்திற்குச் சுமார் 800 சுற்று, 5 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 1600 சுற்று. எவர்சில்வருக்கு இதில் பாதி. கையில் பிடிக்கும் டிரில்கள் பலவற்றின் உச்ச வேகம் நிமிடத்திற்கு 2500 சுற்றைத் தாண்டும். விசையை முழுவதும் அழுத்திக்கொண்டு 10 மி.மீ. துளை போட்டால், வெட்டுவாயின் வெளிமூலை சில நொடிகளில் வெந்துவிடும். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, எண்ணெய் விட்டுத் துளையிடுங்கள். எவர்சில்வரில் அழுத்தம் குறைந்து பிட் ஓரிடத்தில் உராயத் தொடங்கினால் அந்த இடமே இறுகிக் கடினமாகிவிடும். பிறகு கூரான பிட்டும் அங்கே தோற்கும்.

கேட்டவரின் மறுமொழி

நட்டுகளை வைத்துப் பார்த்ததில் கோணம் ஒத்திருந்தது, நீளம்தான் வேறுபட்டிருந்தது. குறுகிய வாயின் புறத்தை மட்டும் சிறிது எடுத்த பிறகு இரு காடிகளிலும் ஒரே மாதிரியான சுருள் வருகிறது, துளையும் 10.1 மி.மீ. அளவில் நிற்கிறது. சுவரில் துளையிடும் பிட்டுகளும் சில மழுங்கியிருக்கின்றன. அவற்றையும் இதே கல்லில், இதே முறையில் தீட்டலாமா? பித்தளைக்குத் தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா?

முதல் பதிலளித்தவர்

கையால் தீட்டிய பிட்டில் 10.1 என்பது நிறைவான அளவு; அதற்கு மேல் துல்லியம் வேண்டும் என்றால், போட்ட துளையைச் சரியான அளவுக்குச் சீவிச் செம்மையாக்கும் ரீமரைத்தான் நாட வேண்டும்.

சுவர்ப் பிட்டின் நுனியில் பற்றவைத்திருப்பது டங்ஸ்டன் கார்பைடு. உங்கள் கல்லைவிட அது கடினமானது. அதில் தேய்த்தால் கல்தான் தேயும், பற்றவைப்பும் சூடாகி இளகும். பச்சை நிறச் சிலிகன் கார்பைடு கல்லோ வைரச் சக்கரமோ வேண்டும். ஏற்கெனவே உள்ள கோணத்தையே பின்பற்றி, மிக இலேசாக எடுங்கள். சூடான நிலையில் தண்ணீரில் முக்கினால் கார்பைடு வெடித்துவிடும். அந்தப் பிட் சுவரை மோதி உடைப்பதால் அதற்குச் சவரக்கத்தி போன்ற கூர்மை தேவையில்லை. இரு புறமும் சமமாக இருந்தால் போதும்.

பித்தளையில் வழக்கமான கூரான வாய் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு கவ்வும். அதைத் தடுக்க, வெட்டுவாயின் காடிப்பக்க முகத்தில், பிட்டின் அச்சுக்கு இணையாக, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு தட்டையான பட்டையைச் சிறு வைரக்கல்லால் தேய்த்துவிடுங்கள். இப்போது வாய் உலோகத்தைத் தோண்டாமல் சுரண்டி எடுக்கும். மெல்லிய பித்தளைத் தகடானால், இதைச் செய்த பிறகும் வைஸில் இறுகப் பிடித்தே துளையிட வேண்டும். பட்டை அமைத்த பிட்டைப் பித்தளைக்கென்று தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரும்பில் அது மந்தமாகவே இறங்கும், அந்தப் பட்டையைத் தீட்டி நீக்கினால்தான் மறுபடி இரும்புக்கு உதவும்.